மேக்ரோ ஏன் மெதுவாச்சுன்னா

நீங்க கேக்கறது நியாயந்தாம்மா. மெதுவாப் போனா போயிட்டுப் போகுதுன்னு விட்டிருக்கலாமே, அத எதுக்கு வேகமாக்கப் போனீங்கன்னு. எல்லாரும் இதத்தான் கேட்டாங்க. ஆனா பதில் முடியற வரைக்கும் உக்காந்து கேட்டவங்க யாருமில்ல. நீங்க கேளுங்க. துணிய மடிச்சுக்கிட்டே கேளுங்க, நான் வந்துட்டேன்னு வேலைய நிறுத்தாதீங்க. இல்லல்ல, குடிக்க ஒண்ணும் வேண்டாம். இந்த ஸ்டூலே போதும்.

உங்க வீட்டுக்காரரு எப்ப வருவாரு? அண்ணன் கடைக்கா? ஓ, அங்க போன் ரிப்பேர் பாக்கறாரா. நல்லதுதான், கை சும்மா இருக்கக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான வருவாரு? சரி. நேரம் இருக்கு.

எங்கிருந்து ஆரம்பிக்கறது... நான் அந்த ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்‌ஷன்ல இருபத்தாறு வருஷமா இருக்கேன். அது தெரியும் உங்களுக்கு. கண்ணாடிய நெத்தியில ஏத்தி வெச்சுக்கிட்டு ஆபீஸ் பூரா கண்ணாடியத் தேடற அம்மான்னு என்னப் பத்தி சொல்லியிருப்பாரே? சொன்னாரா! பாத்தீங்களா. அவருக்கும் எங்க செக்‌ஷன்ல ஒரு பேரு உண்டு. ரீஸ்டார்ட். கம்ப்யூட்டர் பாக்கற ஆளில்லையா, எதக் கேட்டாலும் மொதல்ல, ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கம்பாரு. ஒரு நாள் லிப்ட் நின்னு போச்சு, அதுக்கும் அதயே சொன்னாரு. நாங்க சிரிச்சோம், அவரும் சேந்து சிரிச்சாரு. நல்ல மனுஷன். முகஸ்துதிக்குச் சொல்லல.

போன வருஷக் கடைசில பழைய சிஸ்டத்த எடுத்துட்டு புதுசு போட்டாங்க. பழசுல இருந்த நோயாளிங்க விவரம் அத்தனையும் புதுசுக்கு மாத்தணும். பதினெட்டாயிரம் பேரு. பேரு, நம்பரு, வயசு எல்லாம் தானா வந்துடுச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் வரல. எந்த மருந்து யாருக்கு ஒத்துக்காதுங்கற விவரம். அது தனிப் பட்டியலா வந்து விழுந்துச்சு. ஒரே ஃபைல்ல மேல பதினெட்டாயிரம் பேரு, கீழ அவங்களுக்கு ஒத்துக்காத மருந்து, அதே வரிசையில. சிலருக்குப் பென்சிலின், சிலருக்கு வலி மாத்திரை, முக்காவாசிப் பேருக்கு எதுவுமில்லன்னு போட்டிருக்கும். கீழ இருக்கறத ஒவ்வொண்ணா வெட்டி, மேல அந்தந்த ஆளு பேருக்குப் பக்கத்துல ஒட்டணும். இதான் வேலை. சூப்பிரண்டு வந்து, மூணு பேர வெச்சு மூணு வாரத்துல முடிங்கன்னாரு.

எனக்கு மேக்ரோ தெரியும்மா. உங்க வீட்டுக்காரர்தான் முன்னாடி ஒரு தடவ சொல்லிக் கொடுத்தாரு. என்னன்னா, நாம எந்தெந்த விசைய எந்த வரிசையில தட்டறோமோ, அத ஒரு தடவ தட்டிக் காட்டினா, நாங்க ஃபைலத் திருத்தற எடிட்டர்னு ஒரு புரோகிராம், அது பதிஞ்சு வெச்சுக்கும். அப்புறம் ஆயிரம் தடவ பண்ணுன்னா ஆயிரம் தடவ பண்ணும். நான் என் மேக்ரோவ ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கிட்டேன். கீழ போ, முதல் வரிய வெட்டு. ஃபைலோட ஆரம்பத்துக்குப் போ. அங்கிருந்து தேடிக்கிட்டு வா, யாருக்கு இன்னும் ஒட்டலையோ அந்த முதல் ஆளுகிட்ட நில்லு. ஒட்டு. அவ்வளவுதான். பத்துப் பேருக்கு ஓட்டிப் பாத்தேன். பத்தும் சுத்தமா வந்துச்சு. பெருமை தாங்கல எனக்கு. மூணு வார வேலைய ஒரே நாள்ல முடிச்சுக் காட்டறேன்னு சூப்பிரண்டுகிட்ட வாய விட்டுட்டேன். இந்த வயசுல நமக்கும் ஒரு நல்ல பேரு வரட்டுமேன்னு ஒரு ஆசைதான். அங்க இருக்கற சின்னப் பொண்ணுங்க எல்லாம் என்ன எப்படிப் பாப்பாங்க தெரியுமா? பழைய அலமாரியப் பாக்கற மாதிரி.

காலையில ஒன்பது மணிக்கு ஓட விட்டேன். மொத ஐநூறு கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போச்சு. ரெண்டாயிரம் வரைக்கும் சரசரன்னு. அப்புறம் என்னமோ ஆச்சு. நாலாயிரத்துக்கு வந்தப்ப வரி வரியாக் கண்ணுக்குத் தெரியுது. அஞ்சாயிரத்துக்கு மேல, நான் எழுந்து போயி தண்ணி குடிச்சுட்டு வந்து பாத்தா பத்துப் பேருதான் நகந்திருக்காங்க. அதே வேலைதானம்மா? முதல் ஆளுக்கும் ஒரு வெட்டு ஒரு ஒட்டு, அஞ்சாயிரமாவது ஆளுக்கும் ஒரு வெட்டு ஒரு ஒட்டு. பின்ன ஏன் இழுக்குது? மிஷின் சூடாயிடுச்சோன்னு மேல கை வெச்சுப் பாத்தேன். விசிறிய அது பக்கம் திருப்பி வெச்சேன். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க.

அவருக்குப் போன் பண்ணேன். ரீஸ்டார்ட்னாரு. பண்ணேன். திரும்ப மொதல்லேர்ந்து ஓட விட்டேன், ரெண்டாயிரம் வரைக்கும் நல்லா ஓடுச்சு, மறுபடி இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. திரும்பவும் கூப்பிட்டேன். இந்தத் தடவ நேர்லயே வந்தாரு. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, நான் எழுதி வெச்ச தாளப் படிச்சாரு. படிச்சுட்டு ஒண்ணும் கிண்டல் பண்ணல. வேற யாராவது இருந்தா பண்ணியிருப்பாங்க.

என்ன சொன்னாருன்னா, மிஷின் களைச்சுப் போகலம்மா, நீங்கதான் அத நடக்க விடறீங்கன்னாரு. ஒவ்வொரு தடவயும் ஆரம்பத்துக்குப் போயி, அங்கிருந்து தேடிக்கிட்டு வான்னு சொல்றீங்கல்ல. மொத ஆளுக்குத் தேட ஒரு வரி. அஞ்சாயிரமாவது ஆளுக்கு, முடிச்ச அஞ்சாயிரம் வரியவும் பாத்துக்கிட்டே வரணும். ஒரு தபால்காரர் ஒரு வீட்டுக் கடுதாசியப் போட்டுட்டுத் திரும்பத் தபாலாபீசுக்குப் போயி, அடுத்த வீட்டுக்கு மறுபடி முதல் வீட்டுலேர்ந்து நடந்து வந்தா எப்படி இருக்கும்? தெரு நீள நீள அவரு நடையும் நீளும்ல? அதுதான்னாரு. எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி புரிஞ்சுது. நின்ன எடத்துலேர்ந்தே தேடுன்னு ஒரு விசைய மாத்தினாரு. பாதி வேகம் அங்கயே திரும்ப வந்துடுச்சு.

அது ஒண்ணு. ரெண்டாவது, ஒவ்வொரு மாத்தத்துக்கும் அது திரைய முழுசாத் திரும்ப வரையுது, நிறம் போடுது. யாரும் பாக்காத படத்த எதுக்கு வரையணும்னு அத நிறுத்தினாரு. மூணாவதுதான் பெரிசு. நீங்க தப்பாப் பண்ணிட்டா பின்னால போறதுக்கு ஒரு வசதி இருக்கில்ல, அதுக்காக அந்த எடிட்டர் ஒவ்வொரு மாத்தத்தயும் ஞாபகம் வெச்சுக்குமாம். நான் பண்ற ஒவ்வொரு வெட்டும், ஒவ்வொரு ஒட்டும், முன்னாடி அந்த எடம் எப்படி இருந்துச்சுங்கறதும். ஆயிரக்கணக்குல சேரச் சேர அதோட நினைவு முழுக்க அதுதான் நிரம்பிக் கெடக்கும். அந்தப் பாரத்தத் தூக்கிக்கிட்டுத்தான் ஓடுதுன்னாரு. வேணும்னா அத அணைச்சு வெக்கலாம், ஆனா அணைச்சா பின்னால போக முடியாதுன்னாரு. நான்தான் அணைங்கன்னேன். ஆமாம்மா. நான்தான் சொன்னேன். இது விசாரணையிலயும் பதிவாகியிருக்கு.

அணைச்சுக் கொடுத்துட்டு, வேற வார்டுல ஏதோ பிரிண்டர்னு கெளம்பிட்டாரு. நான் மொதல்லேர்ந்து ஓட விட்டேன். அட அட அட. என்னா வேகம்ங்கறீங்க! பதினெட்டாயிரமும் இருபத்தஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. வெளிய பழைய மிஷின எடுத்துட்டுப் போக லாரி வந்து நிக்குது. டிரைவர் வாசல்ல நின்னுக்கிட்டு, ஆச்சாம்மா ஆச்சாம்மாங்கறான். கடைசியா ஒரு ஆளு மட்டும் பாக்கி. அவருக்கு ஒட்ட கீழ ஒண்ணும் மிச்சமில்ல. பதினெட்டாயிரம் பேருக்குப் பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது மருந்து.

அப்ப நான் நின்னிருக்கணும். ஒண்ணு குறையுதேன்னு யோசிச்சிருக்கணும். யோசிக்கல. கடைசி ஆளுக்கு எதுவுமில்லன்னு என் கையாலயே தட்டிட்டு, சேமிச்சேன். அதே ஃபைல் மேலயே. லாரிக்காரங்கிட்ட எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன். நோயாளி விவரம் வெளிய போகக் கூடாதுன்னு அசல் பட்டியல் இருந்த பழைய டிஸ்க்க அன்னிக்கே நொறுக்கிட்டாங்க.

நடுவுல ஒருத்தருக்கு, கீழ இருந்த மருந்துப் பட்டியல்ல வரியே வந்திருக்கலம்மா. பதினோராயிரத்துச் சொச்சத்துல. எங்கயோ வெத்து வரியா இருந்து விட்டுப் போயிருக்கு. அவருக்கு அடுத்தவரோடது ஒட்டிக்கிச்சு. அடுத்தவருக்கு அதுக்கடுத்தவரோடது. அங்கிருந்து கடைசி வரைக்கும் ஏழாயிரம் பேருக்கு, பக்கத்து ஆளோட மருந்து. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எல்லார் பக்கத்துலயும் ஏதோ ஒண்ணு அழகா இருக்கும்.

அன்னிக்கு சாயங்காலம் சூப்பிரண்டு எல்லாரயும் கூப்பிட்டு, அம்மா மூணு வார வேலைய அரை நாள்ல முடிச்சுட்டாங்கன்னு சொன்னாரு. கை தட்டினாங்க. அந்தச் சின்னப் பொண்ணுங்களும் தட்டினாங்க. உங்க வீட்டுக்காரர் பின்னாடி ஓரமா நின்னு தட்டினாரு. அவரு பேர நான் சொல்லல. அவரால ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல.

பதினாறாவது நாள் அந்த வெல்டரக் கொண்டு வந்தாங்க. சாரம் சரிஞ்சு விழுந்திருக்காரு, தொடையில ஆழமா வெட்டு. நினைவில்ல, சொல்றதுக்கு வீட்டாளுங்களும் இன்னும் வந்து சேரல. சட்டைப் பையில இருந்த எங்க ஆஸ்பத்திரி அட்டை நம்பரப் போட்டுப் பாத்தா எதுவுமில்லன்னு வருது. பென்சிலின் ஊசி போட்டுட்டாங்க. அவருக்கு அது சுத்தமா ஆகாது. பத்து வருஷத்துக்கு முன்னாடி எங்க ஆஸ்பத்திரியிலதான் அதக் கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க. ஆறு நாள் மூச்சு மிஷின்ல கெடந்தாரும்மா.

இருக்காரு. நல்லா இருக்காருன்னு சொல்ல முடியாது. நான் போயிப் பாத்தேன். நாலு படி ஏறினா உக்காந்துடறாரு. அவங்கம்மா என்னக் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து பாக்க வந்த மொத ஆளு நீதாம்மான்னாங்க. எனக்கு எழுந்து ஓடணும் போல ஆயிடுச்சு.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அடித்தளத்துல கெடந்த பழைய காகித அட்டைங்கள எடுத்து, ஏழாயிரத்தயும் நாங்க எட்டுப் பேரு உக்காந்து ஒவ்வொண்ணா சரி பண்ணோம். பதினஞ்சு நாள் ஆச்சு. வேற யாருக்கும் ஒண்ணும் ஆகல. அது ஒண்ணுதான் ஆறுதல். ஆனா கேள்வின்னு ஒண்ணு வருமில்ல. யாரு தப்புன்னு.

விசாரணைக்கு மூணு பேரு உக்காந்திருந்தாங்க. பெரிய மேசை, நடுவுல தண்ணி ஜக்கு, நான் ஒரு ஓரத்துல. கடைசி ஆளுக்கு நானாத் தட்டினத மறைக்கல. ஒண்ணு குறைஞ்சதப் பாத்தும் விட்டுட்டேன்னு சொன்னேன். தலைவர் மூக்குக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு, யாரும் பண்ணக் கூடிய தவறுதாம்மான்னாரு. என்ன விட்டுட்டாங்க. என் இருபத்தாறு வருஷத்தப் பாத்து விட்டுட்டாங்கன்னு வெச்சுக்கோங்க. அவங்களுக்கு வேண்டியிருந்தது வேற. பின்னால போற வசதிய அணைச்சது யாரு? அணைக்கறதுக்கு முன்னாடி அசலப் பத்திரப்படுத்தினாரா? அதுதான் தொழில்நுட்ப ஆளோட கடமைன்னு ஒரு புத்தகத்தத் தொறந்து படிச்சுக் காட்டினாங்க. நாப்பது நிமிஷம் ஆச்சு. வெளிய வந்தா உங்க வீட்டுக்காரர் பெஞ்சுல உக்காந்திருக்காரு, அடுத்து அவரு போகணும். என்னப் பாத்ததும் எழுந்து நின்னாரு. மூஞ்செல்லாம் வேர்த்திருக்கே, உக்காருங்கம்மான்னு அவரோட தண்ணி பாட்டில நீட்டினாரு. வாங்கிக் குடிச்சேன். எல்லாம் சரியாப் போச்சான்னு கேட்டாரு. போச்சுன்னேன்.

அதுக்கப்புறம் அவர நான் பாக்கல. சஸ்பெண்டுன்னு காகிதம் ஒட்டினதத்தான் பாத்தேன். மூணு மாசம் ஆகப் போகுது. ரெண்டு தடவ இந்தத் தெரு முனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். இன்னிக்குக் கூட அவரு வீட்டுல இல்லாத நேரமாப் பாத்துத்தான் வந்தேன், உண்மையச் சொன்னா. உங்ககிட்டன்னா பேசிடலாம்னு தோணுச்சு.

எப்படி இருக்காரு? சாப்பிடறாரா?

ம்.

பாதி சாப்பாட்டுல கைய வெச்சுக்கிட்டு யோசிக்கறாரா. என்ன யோசிக்கறாராம்? சொல்லுங்க, பரவாயில்ல. நீங்க சொல்றத நான் யார்கிட்டயும் கொண்டு போக மாட்டேன்.

என்னது? யாரு அப்படிச் சொன்னது? அவரா?

இருங்கம்மா. திரும்பச் சொல்லுங்க. விசாரணையில அவர்கிட்ட, அந்தம்மாவக் காப்பி எடுத்து வெச்சுக்கச் சொன்னீங்களான்னு கேட்டிருக்காங்க. இவரு, சொன்னதாத்தான் சார் ஞாபகம்னிருக்காரு. அவங்க, ஆனா அந்தம்மா நீங்க சொல்லலன்னு சொல்றாங்களேன்னிருக்காங்க. அதுக்கு இவரு... அந்தம்மா சொன்னா அது சரியாத்தான் இருக்கும்னா? அப்படியேவா சொன்னாரு? அந்தம்மா பொய் சொல்றவங்க இல்லன்னும் சொன்னாராமா?

மூணு மாசமா இதத்தான் நெனச்சுக்கிட்டிருக்காரா. சொன்னேனா சொல்லலையான்னு. தூக்கத்துல எழுந்து உக்காந்து உங்ககிட்டக் கேக்கறாரா. அந்த வெல்டர் படத்தப் போன்ல வெச்சுக்கிட்டு... ஐயோ. அது எனக்குத் தெரியாதும்மா. அவரு என் மேல கோவமா இருப்பாருன்னுதான் நெனச்சேன். என்னத் திட்டிக்கிட்டு இருப்பாரு, திட்டட்டும்னு நெனச்சேன். தன்னையே சந்தேகப்படுவாருன்னு எனக்குத் தோணவே இல்ல.

நீங்க ஏன் அழறீங்க. அந்தத் துணியக் கீழ வைங்க. இங்க பாருங்க.

இந்தக் கவரப் புடிங்க. நான் எழுதின கடுதாசியோட நகல். அசல காலையிலேயே டைரக்டர் ஆபீசுல கொடுத்து, சீல் போட்டு வாங்கிட்டுத்தான் நேரா இங்க வரேன். இல்ல, ராஜினாமா இல்ல. அத அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க. ஒரு பக்கந்தான். கண்ணு மங்கலா இருந்தா நானே சொல்றேன், எனக்கு மனப்பாடம்.

அன்னிக்கு அணைச்சுட்டு எழுந்தப்ப, ஓட விடறதுக்கு முன்னாடி இந்த ஃபைல வேற பேர்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க, அரை நிமிஷ வேலைன்னு சொன்னாரு. நான் திரையப் பாத்துக்கிட்டே சரின்னேன். கதவு வரைக்கும் போனவரு, நான் காதுல வாங்கலையோன்னு திரும்பி வந்து, மேசையில விரலால தட்டி, காப்பிம்மா, மறந்துடாதீங்கன்னு ரெண்டாவது தடவயும் சொன்னாரு. எடுக்கறேன் எடுக்கறேன்னு சொல்லி நான்தான் அவர அனுப்பி வெச்சேன். லாரி நிக்குதேங்கற அவசரத்துல எடுக்கல. விசாரணையில அதக் கேட்டப்ப, மொதல்ல ஞாபகமில்லன்னேன். உண்டா இல்லையான்னு ஒரே வார்த்தையில சொல்லுங்கன்னாங்க. இல்லன்னேன்.

அவரு மத்தியானம் சாப்பிட வந்ததும் சொல்லிடுங்க, அவரு ஞாபகம் சரிதான்னு.